ஆலைக் குழாயும் வெயிலும்

விழுங்கிய ஆன்டிபயாட்டிக் உடம்போடு தீர்ந்துபோவதில்லை. அமாக்சிசிலினில் பாதிக்கு மேல், சிப்ரோஃபிளாக்சசினில் கிட்டத்தட்டப் பாதி, உருமாறாமலே சிறுநீரில் இறங்கிவிடுகிறது. ஆனால் வீட்டுச் சாக்கடையைவிட மருந்தாலைக் கழிவுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில், சுமார் 90 ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின் இருந்ததை ஸ்வீடனின் யோவாக்கிம் லார்சன் குழு 2007இல் வெளியிட்டது. மருந்து சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில்கூட இவ்வளவு இருக்காது. அந்த நீரில் வாழும் கிருமிகள் மருந்தைத் தாங்கப் பழகிவிடும். நம் செங்கல்பட்டு மாவட்டத்து ஆலத்தூரிலும் சிட்கோ மருந்துத் தொழிற்பேட்டை இருப்பதால், பட்டான்செருவைத் தூரத்துச் சேதியாக ஒதுக்க முடியவில்லை.

கழிவுநீரில் தங்கும் இந்த மருந்தை அழிக்க ஆய்வாளர்கள் வெயிலைக் கொண்டே வழி தேடுகிறார்கள். மறைமலைநகரை ஒட்டிய காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களிலும் ஒளிவினையூக்கி, அதாவது ஒளி பட்டால் வேதிவினையைத் தூண்டும் பொருள், பற்றிய ஆராய்ச்சி நடக்கிறது. டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையில் ஒளி பட்டால் நீர் பிளவுபடும் என்று ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் காட்டியதுதான் இத்துறையின் தொடக்கம். ஒளி பட்டதும் வினையூக்கித் துகளில் ஓர் எலக்ட்ரான் துள்ளி எழுகிறது. அது விட்டுப்போன வெற்றிடம் நீரிலிருந்து ஹைட்ராக்சில் என்னும் மூர்க்கமான மூலக்கூற்றை உண்டாக்குகிறது. அது மருந்தைக் கடித்துக் குதறுகிறது. டைட்டானியம் டை ஆக்சைடுக்குப் புற ஊதா ஒளி வேண்டும். வெயிலில் அது சுமார் 5 சதவீதம்தான். அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை செய்யும் கார்பன் நைட்ரைடு, பிஸ்மத் வனடேட் பக்கம் ஆய்வாளர்கள் திரும்பினார்கள்.

சோதனை மேசையில் நடப்பது இது. டெட்ராசைக்ளின் என்னும் ஆன்டிபயாட்டிக்கின் கரைசலில் வெளிர்மஞ்சள் கார்பன் நைட்ரைடு தூளைப் போட்டு, முதல் அரைமணி இருட்டில் கலக்குவார்கள். மருந்து தூளில் ஒட்டிக்கொள்வதை ஒளி அழித்ததாகக் கணக்கிடக் கூடாது அல்லவா? பிறகு விளக்கு. அவ்வப்போது ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி, வடிகட்டி, 357 நானோமீட்டர் அலைநீளத்தில் அளப்பார்கள். அங்கே முகடு சரிந்தால் டெட்ராசைக்ளின் உடைந்தது என்று பொருள். உடைந்த துண்டுகள் என்ன ஆயின என்பதை அந்த முகடு சொல்லாது. மொத்தக் கரிமக் கார்பனை அளக்க வேண்டும்; அந்த நீரைக் கிருமித் தட்டில் விட்டுப் பார்க்கவும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாத முடிவை நான் பாதி முடிவாகவே எடுத்துக்கொள்வேன்.

காய்ச்சி வடித்த நீரில் வென்ற தூள் கழிவுநீரில் திணறும். குளோரைடும் பைகார்பனேட்டும் ஹைட்ராக்சிலைத் தின்றுவிடும். கலங்கல் ஒளியை மறைக்கும். தூளைத் திரும்பப் பிடிப்பதும் பெரும்பாடு. ஆகவே தூளைக் கண்ணாடியிலோ மணிகளிலோ பதித்து, மற்ற சுத்திகரிப்பெல்லாம் முடிந்த தெளிந்த நீருக்குக் கடைசிப் படியாக, ஆலை வளாகத்துக்குள்ளேயே வைப்பதுதான் சரி. ஏரியில் கலந்தபின் துரத்துவது வீண்.

ஆனால் எந்த ஆலை செலவு செய்யும்? கழிவில் ஆன்டிபயாட்டிக்குக்கு உச்சவரம்பு வைக்கும் வரைவை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி விதியில் அந்த வரம்புகளே இல்லை. 2024 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் மருந்தாலைக் கழிவுக்கு வழிகாட்டுதல் தந்துவிட்டது. அமைச்சகம் வரைவில் இருந்த வரம்புகளை விதியில் சேர்க்கட்டும்.