அரை மில்லிமீட்டர் பங்காளிச் சண்டை

பங்காளிச் சண்டை எல்லாம் வரப்பில்தான் ஆரம்பிக்கும். சோனிக்கும் தோஷிபாவுக்கும் நடந்ததும் அப்படித்தான். தகராறில் இருந்த வரப்பின் அகலம், அரை மில்லிமீட்டர்.

அதற்கு முன்னால் ஒரு கிளைக்கதை. பழைய டிவிடியைப் படித்தது சிவப்பு லேசர், அலைநீளம் 650 நானோமீட்டர். ஜப்பானில் நிச்சியா என்ற கம்பெனியில் வேலை பார்த்த ஷூஜி நாகமுரா நீல ஒளியைப் பிடித்துக் கொடுத்தார். கம்பெனி மனமுருகி அவருக்கு 20,000 யென் சன்மானம் தந்தது. ஒரு நல்ல சட்டை, பேன்ட் எடுக்கலாம். 2014இல் நோபல் குழு இதைவிடக் கொஞ்சம் தாராளமாக நடந்துகொண்டது. புதிய லேசரின் அலைநீளம் 405. ஊசி மெலிந்தால் தையல் நெருங்கும் அல்லவா? அதே அளவு வட்டில் இனி ஒரு முழுப் படத்தைத் துல்லியமான தரத்தில் தைத்துவிடலாம்.

எவ்வளவு ஆழத்தில் தைப்பது என்பதில்தான் குடும்பம் உடைந்தது. டிவிடியில் இருந்த அதே 0.6 மில்லிமீட்டர் ஆழமே போதும், பழைய ஆலைகளை லேசாகத் தட்டிக்கொட்டி ஓட்டிக்கொள்ளலாம் என்றது தோஷிபா. அதன் எச்டி டிவிடியில் ஓர் அடுக்குக்கு 15 ஜிபி. சோனி கோஷ்டியோ 0.1 மில்லிமீட்டரில் நின்றது. ப்ளூ-ரேயில் ஓர் அடுக்குக்கு 25 ஜிபி. ஆனால் தகவல் தோலுக்கு அடியிலேயே கிடந்ததால் நகம் பட்டாலே ஆபத்து. முதலில் வட்டை ஊறுகாய் ஜாடி மாதிரி ஒரு கூட்டுக்குள் போட்டு மூடினார்கள். பிறகு கீறல் விழாத பூச்சு வந்து மானத்தைக் காப்பாற்றியது.

சோனிக்குப் பழைய காயங்களும் இருந்தன. 1975இல் பீட்டாமேக்ஸைக் கொண்டுவந்து, மறு வருடம் வந்த விஎச்எஸ்ஸிடம் தோற்று, 1988இல் தானே விஎச்எஸ் பெட்டி செய்து விற்ற வீடு அது. 1995இல் டிவிடி பிறந்தபோதும் கம்ப்யூட்டர் கம்பெனிகள் கூடிப் பஞ்சாயத்து பண்ணின. தீர்ப்பு பெரும்பாலும் தோஷிபா பக்கம் சாய்ந்தது. மூன்றாவது முறையும் விட்டுக்கொடுக்க சோனி என்ன பரதனா? 2005இல் இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். காபி ஆறியதுதான் மிச்சம்.

2006இல் அமெரிக்காவில் கடை திறந்தது. தோஷிபா பெட்டி 499 டாலர். உள்ளே பென்டியம் 4, ஒரு ஜிபி ரேம். கம்ப்யூட்டருக்கே வேறு சட்டை மாட்டியிருந்தார்கள். பட்டனை அழுத்திவிட்டுப் போய்ப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வரலாம், அதற்குள் விழித்துக்கொண்டால் அதிர்ஷ்டம். எதிர்வீட்டில் சாம்சங்கின் ப்ளூ-ரே பெட்டி 999 டாலர். முதல் தொகுதியில் வந்த ‘தி ஃபிஃப்த் எலிமென்ட்’ வட்டு பார்த்தவர்களைக் கண்ணாடி துடைக்க வைத்தது. குற்றம் கண்ணாடியில் இல்லை. சோனி அதே படத்தைத் திருத்தி மறுபடி வெளியிட வேண்டியதாயிற்று.

அப்புறம்தான் சோனிக்கு மூளை வேலை செய்தது. நவம்பரில் வந்த ப்ளேஸ்டேஷன் 3க்குள் ப்ளூ-ரேயை ஒளித்து வைத்தது. பையன் கார் ஓட்டக் கேட்டான், அப்பாவுக்குச் சினிமாப் பெட்டி தானாக வீட்டுக்கு வந்தது. தோஷிபாவின் தோழன் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் 360க்கு எச்டி டிவிடி பெட்டியைத் தனியாக 199 டாலருக்கு விற்றது. சாம்பாருக்குத் தனியாகக் காசு கேட்ட ஓட்டல் எங்கே உருப்பட்டது?

ஸ்டூடியோக்கள் கட்சி பிரிந்தன. டிஸ்னியும் ஃபாக்ஸும் ப்ளூ-ரே பக்கம், யுனிவர்சல் எச்டி டிவிடி பக்கம். வார்னரும் பாராமவுண்டும் இரண்டு வீட்டிலும் மொய் வைத்தன. 2007 ஆகஸ்டில் பாராமவுண்ட் திடீரென்று எச்டி டிவிடியோடு மட்டும் குடித்தனம் என்று அறிவித்தது. ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் கூடவே போனது. இரண்டுக்குமாக 15 கோடி டாலர் கைமாறியதாகப் பத்திரிகைகள் எழுதின. தன் ‘ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்’ ப்ளூ-ரேயில் வராது என்று தெரிந்ததும் இயக்குநர் மைக்கேல் பே, இரண்டாம் பாகம் எடுக்கமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் முறுக்கு நமுத்துவிட்டது. 2009இல் இரண்டாம் பாகம் வந்தது.

சமாதானப் புறாக்களும் பறந்தன. இரண்டு வட்டையும் படிக்கும் பெட்டியை எல்ஜி 1,199 டாலருக்கு விற்றது. தனித்தனியாக இரண்டு பெட்டி வாங்கினாலே மிச்சம் பிடிக்கலாம் என்ற நிலை சீக்கிரம் வந்தது. ஒரு பக்கம் ப்ளூ-ரே, மறுபக்கம் எச்டி டிவிடி என்று ஒரே வட்டைக் காட்டினார்கள் வார்னர்காரர்கள். அது காட்டியதோடு சரி, கடைக்கு வரவேயில்லை.

2007 நவம்பர் 2 அன்று வால்மார்ட்டில் தோஷிபா பெட்டி 98.87 டாலருக்கு வந்தது. ஜனம் அள்ளிக்கொண்டு போனது. ஜெயித்துவிட்டோம் என்று தோஷிபா பந்தல் கால் நட்டது. 2008 ஜனவரி 4 அன்று வார்னர், இனி ப்ளூ-ரே மட்டும் என்றது. லாஸ் வேகாஸ் கண்காட்சியில் நடக்கவிருந்த எச்டி டிவிடி அணியின் செய்தியாளர் கூட்டம் ரத்தானது. பிப்ரவரியில் நெட்ஃப்ளிக்ஸ், பெஸ்ட் பை, வால்மார்ட் என்று வரிசையாகக் கை கழுவினார்கள். 19ஆம் தேதி தோஷிபா கடையைச் சாத்தியது. மறு வருடம் அதுவே ப்ளூ-ரே பெட்டி செய்து விற்றது. 1988இல் சோனி குடித்த அதே கஷாயம்.

ஆனால் தீர்ப்புச் சொன்னவர்கள் வரிசையில் தபாலில் டிவிடி அனுப்பிக்கொண்டிருந்த அந்த நெட்ஃப்ளிக்ஸைக் கொஞ்சம் கவனியுங்கள். 2007 ஜனவரியிலேயே, வட்டே இல்லாமல் கம்பி வழியாகப் படம் அனுப்பும் வேலையைச் சத்தமில்லாமல் தொடங்கியிருந்தது. பங்காளிகள் வரப்பை அளந்துகொண்டிருந்தபோது பஞ்சாயத்துக்காரர் வேறு ஊரில் நிலம் வாங்கிப் போட்டிருந்தார். சாம்சங் 2019இல் அமெரிக்காவுக்குப் புதிய ப்ளூ-ரே பெட்டி செய்வதை நிறுத்தியது. 2023 செப்டம்பர் 29 அன்று நெட்ஃப்ளிக்ஸின் கடைசித் தபால் வட்டும் கிளம்பிப் போனது.

அப்படியானால் எதை வாங்கியிருக்க வேண்டும்? இரண்டையும் வாங்காமல் பழைய டிவிடியிலேயே படம் பார்த்துக்கொண்டிருந்தார்களே, அந்தக் கோடிக்கணக்கானவர்கள்தான் இந்தப் போரில் ஒரு பைசா இழக்காதவர்கள். அடுத்தபடி புத்திசாலி, 98.87 டாலர் கொடுத்தவர். அவருடைய எச்டி டிவிடிக்குப் புதுப்படம் வராது, உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டி சாதாரண டிவிடியை ரொம்ப நன்றாக ஓட்டும். மாதச் சந்தாவும் கேட்காது.