பை பெரிது, பர்ஸ் சிறிது

கேள்வி: முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தென் அமெரிக்காவைச் சிக்கனமாகச் சுற்றிவர முடியுமா?

பதில்: தாராளமாக. ஆனால் சிக்கனம் விமானத்தை விட்டு இறங்கிய பிறகுதான் தொடங்கும்! சிலி, உருகுவேயில் விலைவாசி அதிகம். அங்கிருந்து சட்டென்று கிளம்பிவிடுங்கள். பெருவிலும் பொலிவியாவிலும் ஆற அமரத் தங்கலாம். மதியம் சந்தைக்குள் நுழைந்தால் சூப், சோறு, கறி என்று வயிறு நிறையும், பர்ஸும் பிழைக்கும். தொலைதூரம் போக இரவு பஸ்தான் சரி. அறை வாடகை மிச்சம், தூக்கம் நஷ்டம்.

பெருவின் மச்சு பிச்சுவுக்கு ரயிலில் போனால் கட்டணம் கையைக் கடிக்கும். ஹிட்ரோஎலெக்ட்ரிகா என்ற இடம் வரை வேனில் போய், தண்டவாளத்தை ஒட்டிச் சுமார் 10 கிலோமீட்டர் நடந்தால் அடிவாரத்து ஊர் வந்துவிடும். கால் வலிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

பொலிவியாவின் லா பாஸ் நகரத்தைப் பார்க்க 2014 முதல் ஓடும் ரோப் கார் போதும். சில்லறைக் காசில் ஊர் முழுக்கக் காலடியில் விரியும். நகரம் இருப்பது சுமார் 3,600 மீட்டர் உயரத்தில். முதல் நாள் கோக்கா இலைத் தேநீர் குடித்துவிட்டுப் பேசாமல் படுத்துவிடுங்கள். மற்ற ஊர்களில் இலவசமாகக் கிடைக்கும் காற்றுக்கே அங்கே தட்டுப்பாடு!