பிழை ஆரிலை?

எங்கள் வீட்டில் வரிசையாக மூன்று பெட்டைகள். மூன்றாவதாக நான் வந்து விழுந்ததும் அப்பம்மா வெள்ளவத்தையில் பஸ் ஏறி, கொட்டாஞ்சேனையில் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்கே போய் முறையிட்டாராம்: "மருமகளிலை ஏதோ பிழை." அர்ச்சனையும் அம்மாவின் நட்சத்திரத்துக்குத்தான். அப்பாவின் நட்சத்திரத்தை ஒருவரும் கேட்கவில்லை.

அப்பம்மாவை மட்டும் குறை சொல்லக்கூடாது. அவருக்குப் பின்னால் இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துப் பெரிய மனிதர்கள் நிற்கிறார்கள். வலப்பக்கம் ஆண், இடப்பக்கம் பெண் என்றார் கிரேக்கத்துப் பர்மனைடீஸ். அரிஸ்டாட்டில் வந்து, எல்லாம் சூட்டில்தான் இருக்கிறது, தகப்பனின் சூடு வென்றால் பெடியன், தோற்றால் பெட்டை என்றார். அப்படிப் பார்த்தால் காலி வீதி வெயிலுக்கு வெள்ளவத்தையில் பெட்டையே பிறந்திருக்கக்கூடாது. நம் திருமூலர் மூச்சைப் பிடித்தார்: வலது மூக்கில் ஓடினால் ஆண், இடதில் ஓடினால் பெண். தடிமன் பிடித்து இரண்டும் அடைத்துக் கிடப்பவன் கதி?

எட்டாம் ஹென்றி ஆராய்ச்சியில் மினக்கெடாமல் நேரே தண்டனைக்குப் போனார். மூத்தவளைத் தள்ளிவைத்தார். இரண்டாமவள் ஆன் போலின் 1533இல் பெற்றதும் பெண். 1536இல் தலை போயிற்று. அந்தப் பெண்தான் பிறகு 44 வருடம் இங்கிலாந்தை ஆண்ட எலிசபெத்.

1905இல் அமெரிக்காவில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி மாப்புழுவை வைத்து இந்த வழக்கைத் தீர்த்தார். பெண் புழுவில் 20 பெரிய நிறமூர்த்தங்கள். ஆணில் 19 பெரியவை, ஒன்று மட்டும் குட்டி. அந்தக் குட்டிக்கு இன்று 'வை' என்று பெயர். மனிதரிலும் பெண்ணுக்கு இரண்டும் எக்ஸ்; வை ஆணிடம் மட்டும். மருமகளைப் பார்த்து "வை, வை" என்றால் இல்லாததை அவள் எங்கிருந்து வைப்பாள்?

1923இல் பெயின்டர் என்ற ஆராய்ச்சியாளர் மனித நிறமூர்த்தம் 48 என்றார். முப்பது வருடத்துக்கு மேல் உலகமே 48 என்றது. 46 பளிச்சென்று தெரிந்த படத்தின் கீழும் 48 என்றே போட்டார்கள். உறுதியில் நாலு பரப்பு என்று எழுதியிருந்தால், வேலிக்குள் மூன்றரைதான் கிடந்தாலும் நாலுதானே! 1955 மார்கழியில், ஜாவாவில் பிறந்த டிஜோ சுவீடனில் இருந்து திரும்ப எண்ணி 46 என்றார்.

கொழும்பில் ஒரு பூங்காவுக்கே பெயர் கொடுத்திருந்த விக்டோரியா மகாராணியின் எக்ஸில் குருதி உறையா நோய் இருந்தது. மகன் லியோபோல்ட் 1884இல் விழுந்து அடிபட்டுச் செத்தார். மகள்மார், பேத்திமார் வழியாக அது ஸ்பெயினுக்கும் ரஷ்யாவுக்கும் சீதனமாகப் போயிற்று. இந்த முறை பிழை உண்மையாகவே தாய்வழி. ஆனால் மாமியார்தான் மகாராணி என்றால் ஆர் வாய் திறப்பது?

நாங்கள் காணி வெளியே போகக்கூடாது என்று மச்சானுக்கு மச்சாளைக் கட்டிவைத்தோம். பரம்பரைக் கோளாறும் காணியோடு வீட்டுக்குள்ளேயே நின்றது. தலசீமியாக் காவிகள் இருவர் கட்டினால், இருவருக்கும் ஒரு நோயும் இராது; பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. பிறகு பிள்ளைக்கு இரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குருநாகலில் இதற்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. எங்கள் கலியாணத் தரகரோ செவ்வாய்க் குற்றத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டே பிடித்துவிடுவார்.

கொழும்பு மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு தொடங்கியது 1983இல். அதே வருடம் ஆடிக் கலவரத்தில் தமிழர் ஆர் என்று ஆள் பிரிக்க வந்தவர்களுக்கு வாக்காளர் இடாப்பே போதுமாயிருந்தது.

உயிரியல் படித்த திமிரில் ஒருநாள் நான் அப்பம்மாவுக்கு வகுப்பெடுத்தேன்.

"பெடியனோ பெட்டையோ, அது அப்பா குடுக்கிறதைப் பொறுத்தது. அம்மாவிலை பிழையில்லை."

"அப்ப என்ரை பிள்ளையிலையோ பிழை?" வெற்றிலையை மென்றபடி யோசித்தார். "அவனுக்கு அந்த வையை ஆர் குடுத்தது? நானோ?"

"உங்களிட்டை அது இல்லை. அப்பப்பாதான்."

சுவரில் மாலையோடு தொங்கிய படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு அப்பவே தெரியும், பிள்ளை. இந்த மனிசனிலைதான் பிழை."