‘முன்ன மாதிரி இல்லை’: ஊட்டி மீள்பயணம் குறித்த ஓர் ஆய்வு

ஊட்டிக்கு முதன்முறை போகிறவர் ஆய்வுக்கு உகந்தவர் அல்லர். தொட்டபெட்டா பார்ப்பார், படகு ஏறுவார், யாராவது கேட்டால் ‘சூப்பர்’ என்பார். அத்தோடு தரவு தீர்ந்துவிடும். இக்கட்டுரை எடுத்துக்கொள்வது வருஷா வருஷம் அதே லாட்ஜில், அதே ஸ்வெட்டரோடு போய் இறங்கும் மீள்பயணியை. அவர் குளிரைத் தேடிப் போகிறார் என்ற பொதுக்கருத்து ஏற்பதற்கில்லை; ஏசியை 18-ல் வைத்தால் அது வீட்டிலேயே கிடைக்கும். ‘முன்ன மாதிரி இல்லை’ என்று சொல்வதற்காகவே போகிறார் என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

இதை நிதானமாகச் சொல்ல ஏற்ற வாகனம் மலை ரயில். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பினால் 46 கிலோமீட்டர் ஏறிமுடிக்கக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் தொடங்குகிறது. இன்ஜின் பின்னால் நின்று, பல்சக்கரத்தால் அதைக் கவ்விக் கவ்விப் பெட்டிகளைத் தள்ளுகிறது. ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடி ஏற்றம். வழியில் 208 வளைவுகள், 16 குகைகள். குகைக்குள் எல்லாரும் கூச்சல் போடுவதால் மீள்பயணியின் உரை தடைபடும். வெளிச்சம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். ஹில்குரோவில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கையில் அவர் கையிலிருந்த வடையைக் குரங்கு பிடுங்கும். முன்னெல்லாம் குரங்குக்கு இவ்வளவு தைரியம் கிடையாதாம்.

மரபு பழையது. கோவை கலெக்டர் ஜான் சலிவன் 1819-ல் மலையேறினார். பார்த்ததோடு விடாமல் மறுபடி வந்து வீடே கட்டிக்கொண்டார். பிற்பாடு சென்னை மாகாண அரசாங்கமே கோடைதோறும் கோப்புகளைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடும். அரசாணையின் பேரில் மீள்பயணம் செய்த குமாஸ்தாக்கள் தனி ஆய்வுக்கு உரியவர்கள்.

புலம்பலெல்லாம் பிரமை என்பார் உளர். அப்படித் தள்ளிவிட முடியாது. ‘ஏரி முன்னாடி இன்னும் பெரிசு’ என்பது மெய்யே: சலிவன் வெட்டுவித்த ஏரியின் ஒரு பகுதியில்தான் இன்றைய பஸ் ஸ்டாண்டும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கின்றன. மீள்பயணி பிறப்பதற்கு முன்பே அது சுருங்கத் தொடங்கிவிட்டது என்பது வேறு விஷயம். ஆனால் ‘பழைய ஊட்டி வாசனை’ என்று அவர் மூச்சை இழுத்துவிடுகிறாரே, அந்தத் தைல மரம் 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஊர் கெட்டுப்போயிற்று என்று புலம்பும் முதல் உரிமை அதற்கு இடம்விட்ட சோலைக் காட்டுக்கும் புல்வெளிக்கும்தான்.

கடைசிச் சான்று வர்க்கி, 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். வழக்கமான பேக்கரி வாசலில் நின்று மீள்பயணி ஒன்றை ஒடிப்பார். பாதியை டீயில் நனைப்பார். ஸ்வெட்டரில் சிதறிய தூளைத் தட்டிவிட்டு, கண்ணை மூடி மென்று, தீர்ப்பு வழங்குவார்: சைஸ் குறைஞ்சிருச்சு, மொறுமொறுப்பு போதாது. பிறகு இரண்டு கிலோ கட்டச் சொல்வார்.

இறக்கத்துக்கு அவர் பஸ்ஸையே நாடுவதும் கருதுகோளுக்கு வலு சேர்க்கிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி வேகம் தடையில்லை. குன்னூர் வருவதற்குள் வர்க்கியில் ஒரு பொட்டலம் காலி.