நான்கு பக்கம் போதாது

கேள்வி: மனை வாங்கப் போகிறேன். எதிரெதிர்ப் பக்கங்கள் சமம்: ஒரு ஜோடி 40 அடி, மற்றது 60 அடி. முழுசாக ஒரு கிரவுண்ட் என்கிறார் தரகர். நம்பலாமா?

பதில்: தரகரை நம்புங்கள், மூலைவிட்டத்தை அளந்த பிறகு! மூன்று பக்க நீளம் தெரிந்தால் முக்கோணம் அசையாமல் நிற்கும். நாற்கரம் அப்படியல்ல, பக்கங்கள் மாறாமலே சாய்ந்துவிடும். கதவுச் சட்டத்துக்குக் குறுக்குக் கட்டை அடிப்பதே அதற்காகத்தான்.

உங்கள் மனை செவ்வகமென்றால் பரப்பு 2400 சதுர அடி, அதாவது முழு கிரவுண்ட். இணைகரமாகச் சாய்ந்து ஒரு மூலை 60 பாகை ஆனால், அதே பக்கங்களுக்குப் பரப்பு சுமார் 2078தான். 322 சதுர அடி, ஒரு நல்ல படுக்கையறையும் சமையலறையும், காற்றோடு போச்சு! இணைகரத்துக்கு அடிப்பக்கத்தைச் செங்குத்து உயரத்தால்தான் பெருக்க வேண்டும், சாய்ந்த பக்கத்தால் அல்ல.

நான்கு பக்கமும் வெவ்வேறாக இருந்தால்? எதிர்ப்பக்கங்களின் சராசரியைப் பெருக்கிச் சொல்வது பலரின் வழக்கம். செவ்வகம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அது கூடுதலாகவே காட்டும், வாங்குகிறவருக்குத்தான் நஷ்டம். ஒரு மூலைவிட்டத்தை அளந்து, எதிர்மூலைகளிலிருந்து அதற்கு இரண்டு செங்குத்துகள் எடுங்கள். செங்குத்துகளின் கூடுதலை மூலைவிட்டத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் சரியான பரப்பு. சரிவகச் சூத்திரத்தைத் தேடி அலைய வேண்டாம், இதுவே அதற்கும் செல்லும்.

உங்கள் மனையில் இரண்டு மூலைவிட்டமும் சமமாக, ஏறக்குறைய 72 அடி 1 அங்குலம் இருக்க வேண்டும். டேப்போடு போய் இரண்டையும் அளந்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.