பெருக்கல் பெரியப்பா

அஸ்தினாபுரத்தில் தெருவுக்கு ஒரு பெருக்கல் பெரியப்பா உண்டு. ரயில்வே, டெலிபோன்ஸ், பேங்க் என்று எங்கிருந்தாவது ரிட்டயர் ஆகியிருப்பார். கீழே சொந்த வீடு, மாடியில் வாடகை, மகளோ மகனோ வெளிநாட்டில். பணம் இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் தெருப் பெரியப்பாவைக் கஞ்சன் என்றும் சொல்ல மாட்டேன். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தபோது சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் வேன் வைத்து அழைத்துப் போனவர். விமானம் ஏறி இறங்கினால்தான் ஒரு வியாதி ஆரம்பிக்கும். கண்ணில் படும் எந்த விலையையும் ரூபாய்க்குப் பெருக்கிவிடுவார். சிங்கப்பூர் வெள்ளி என்றால் 70. அன்றைய நிலவரம் கொஞ்சம் கம்மியாக இருந்தாலும் 70தான். "கமிஷன் எவன் குடுக்கிறது?" என்பார்.

புறப்பாடே தனி ரகம். விமான நிலையத்துக்கு டாக்ஸியா? குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் பல்லாவரம், அடுத்தது திரிசூலம். 5 ரூபாய் டிக்கெட். எதிரே விமான நிலையம். ஊறுகாய், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் அடைத்த பெட்டிகளோடு பெரியம்மா சப்வே படி ஏறி இறங்கும்போது முணுமுணுத்ததை இங்கே எழுத முடியாது.

சிங்கப்பூரில் இருக்கும் மகளும் மாப்பிள்ளையும் அப்பாவின் அறுபதை அங்கேயும் ஒரு தரம் கொண்டாட ஆசைப்பட்டு, மெரினா பே பக்கம் பெரிய ஓட்டலில் எட்டுப் பேருக்கு டேபிள் போட்டிருந்தார்கள். நல்ல மனசு. ஆனால் மாப்பிள்ளை முதல் நாள் ராத்திரியே மெனுவைப் போனில் காட்டியிருக்கக் கூடாது. பெரியப்பா மெனுவை உருதுப் பத்திரிகை மாதிரி வலமிருந்து இடமாகப் படிப்பவர். முதலில் விலை, அது ஒத்துவந்தால்தான் பண்டத்தின் பெயர். வலது ஓரத்திலேயே நின்றுவிட்டார். கடைசி வரியில் இரண்டு கூட்டல் குறி.

"இது என்ன மாப்பிள்ளை, பிளஸ் பிளஸ்?"

"சர்வீஸ் சார்ஜ் பத்து பர்சென்ட், அப்புறம் ஜிஎஸ்டி ஒம்பது பர்சென்ட், மாமா."

குரோம்பேட்டையில் லாரிகள் ஓடும் ஜிஎஸ்டி ரோட்டைத் தவிர வேறு எந்த ஜிஎஸ்டியையும் பெரியப்பாவுக்குப் பிடிக்காது. கண்ணை மூடினார். "100 வெள்ளிக்குச் சாப்பிட்டா சர்வீஸோட 110. அந்த 110 மேல ஒம்பது பர்சென்ட். ஆக 119 வெள்ளி 90 காசு. வாயில போகாத சோத்துக்கு 1,393 ரூபாயா! நம்ம ஊர்ல அஞ்சு பர்சென்ட்தான். சர்வீஸ் சார்ஜைக் கட்டாயப்படுத்தி வாங்கக் கூடாதுன்னு டெல்லி ஹைகோர்ட்டே 2025 மார்ச்சுல சொல்லிடுச்சு." டெல்லி ஹைகோர்ட் தீர்ப்பு சிங்கப்பூரில் செல்லுமா என்று மாப்பிள்ளை கேட்கவில்லை. நல்ல பையன்.

மறுநாள் காலை ஆளைக் காணோம். எம்ஆர்டி ரயில் பிடித்து லிட்டில் இந்தியா போய்விட்டார். சிராங்கூன் ரோட்டில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி, கடை வாசலில் இருந்த விலைப்பட்டியலை எல்லாம் படித்து முடித்தார். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பேர்போன மீன் தலைக் கறியைப் பார்த்து மட்டும் கொஞ்சம் தடுமாறினார். ஒரு தலை 20 வெள்ளிக்கு மேல். நம்ம மீன்காரம்மா கொசுறாகப் போடுகிற தலை! ஆனாலும் வாசனை விடவில்லை. ஐந்து நிமிடம் நின்று வாசனையை மட்டும் இலவசமாக வாங்கிக்கொண்டு நகர்ந்தார்.

இங்கேதான் அவர் வித்தை இருக்கிறது. ஓட்டலுக்குள் போய் விலை கேட்க மாட்டார். டேபிள் துடைக்கிற பையனைப் பிடிப்பார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"மன்னார்குடிங்க ஐயா."

"லீவு அன்னிக்கு நீங்கள்லாம் எங்கப்பா சாப்பிடுவீங்க?"

ஸ்டார் ரேட்டிங் பார்த்து டேபிள் போடுகிற நம் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி தோன்றுவதே இல்லை. வேலை பார்க்கிறவன் தன் காசில் சாப்பிடுகிற இடத்தில் ருசியும் விலையும் ஏறக்குறைய சரியாகவே இருக்கும். மன்னார்குடித் தம்பி தேக்கா சென்டரைக் கை காட்டினான். கீழே காய்கறி, மீன், கறிக் கடைகள். கூடவே வரிசையாகத் தோசை, பிரியாணி, பரோட்டா. சர்வீஸ் சார்ஜ் கிடையாது.

"பிறந்தநாளுக்குப் போய் சந்தைக்கடையிலயாப்பா?" என்று மகள் கண் கலங்கினாள். பெரியப்பா தயாராக இருந்தார். "சிங்கப்பூரோட இந்தக் கடை கலாச்சாரத்தை 2020-ல யுனெஸ்கோவே பட்டியல்ல சேத்திருக்கும்மா. உங்க மெரினா பே ஓட்டலைச் சேத்துச்சா?"

மத்தியான டிபன் அங்கேதான். முடித்ததும் பெரியப்பா வழக்கம்போல் எழுந்து நடந்தார். பேத்தி கையைப் பிடித்து இழுத்தாள்: "தாத்தா, தட்டை நீங்கதான் கொண்டுபோய் வைக்கணும். வார்னிங் குடுப்பாங்க. மறுபடி பண்ணினா 300 வெள்ளி ஃபைன்." எழுபதால் பெருக்கினார். 21,000 ரூபாய். அறுபது வருஷத்தில் முதல்முறையாகத் தான் சாப்பிட்ட தட்டைத் தானே தூக்கினார். பெரியம்மா அதை வீடியோ எடுத்து அஸ்தினாபுரம் குடும்ப குரூப்பில் போட்டார். அன்று வந்த வாழ்த்தில் பாதி பிறந்தநாளுக்கு இல்லை.

ராத்திரி விருந்துக்கு இரண்டு கட்சியும் இறங்கி வந்து, சிராங்கூன் ரோடு கோமள விலாஸில் சமாதானம் ஆனது. 1947-ல் தொடங்கிய கடை என்றதும் பெரியப்பாவுக்குத் தேசபக்தியே வந்துவிட்டது. மாப்பிள்ளை கேக் வாங்கி வந்திருந்தார். அதன் விலையை யாரும் சொல்லவில்லை.

இதே மனுஷர் முஸ்தபா கடைக்குள் நுழைந்ததும் வாய்ப்பாட்டை மறந்ததுதான் வேடிக்கை. கோடாலித் தைலம் மட்டும் தெரு முழுக்கக் கொடுக்கிற அளவுக்கு வாங்கினார். பெருக்கவே இல்லை.

இப்போது காலை நடையில் அவரைச் சுற்றி எப்போதும் ஆள். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு கிளம்புகிறவர்கள் எல்லாம் யோசனை கேட்கிறார்கள். கோலாலம்பூரா, பிரிக்ஃபீல்ட்ஸ் போ. துபாயா, கராமா. லண்டன் என்றால் ஈஸ்ட்ஹாம். பாரிஸ் என்றால் லா ஷப்பேல், அங்கே நம்ம யாழ்ப்பாணத்துக்காரர்கள் கடைகள். லண்டனுக்கோ பாரிஸுக்கோ அவர் போனதில்லை. இருந்தும் சொன்னது எதுவும் தப்பில்லை.

நீங்களும் வெளிநாட்டில் வீட்டு விசேஷம் கொண்டாடுவதாக இருந்தால், உங்கள் பெரியப்பாவை ஒருநாள் முன்னதாக அந்த ஊரில் நம்மவர்கள் கடைகள் இருக்கும் தெருவில் இறக்கிவிடுங்கள். கடையை அவரே பார்க்கட்டும். பில்லை மட்டும் அவர் கை கழுவப் போயிருக்கும்போது கட்டிவிடுங்கள்.