இறக்கத்துக்கும் பேர் உண்டா?

பதுளையில் சமதரை பார்க்க ஆசைப்பட்டால் வின்சன்ட் டயஸ் மைதானத்துக்குத்தான் போகவேண்டும். மற்றபடி எங்கள் வீதிகளுக்கு இரண்டே குணம்: ஏற்றம், இறக்கம். இந்த ஊரில் இருந்துகொண்டு, பழைய ரேசிங் சைக்கிளின் கியர்களைக் கழற்றி ‘ஃபிக்ஸ்ட் கியர்’ ஆக்கவேண்டும் என்றதும் சைக்கிள் கடை பாஸ் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

“இருக்கிற கியரே பத்தலன்னு ஆளுக அழுவுறாங்க. நீங்க அதையும் புடுங்கச் சொல்றீங்களே, தம்பி?”

விளக்கினேன். சாதாரண சைக்கிளில் பிரீவீல் இருப்பதால் கால் ஓய்ந்தாலும் சக்கரம் ஓடும். ஃபிக்ஸ்டில் அது கிடையாது. சக்கரம் சுற்றும்வரை காலும் சுற்றியே தீரவேண்டும். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியில்கூட முன்னணி வீரர்களுக்குக் கியர் மாற்றும் கருவியை அனுமதித்தது 1937இல்தான். 1910இல் பிரனீஸ் மலையையே அது இல்லாமல் கடந்தார்கள்.

“மிதிச்சேவா?”

“செங்குத்தான இடத்துல எறங்கித் தள்ளினாங்க.”

“அப்ப அது தள்ளுற போட்டி!”

ஆனாலும் மனுஷர் வேலையில் கெட்டி. பழைய ஃபிரேம் என்பதால் பின்சக்கரம் உட்காரும் பள்ளம் கிடையாக இருந்தது. சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தே செயினை இறுக்கலாம். பிரீவீல் ஹப்பிலேயே பல்சக்கரத்தைத் திருகிவிடலாமே என்றேன். மறுத்தார். பெடலைப் பின்னுக்கு அழுத்தி வேகத்தைக் குறைக்கும்போது அது கழன்றுவிடும். ஃபிக்ஸ்ட் ஹப்பில் பல்சக்கரத்துக்கு மேல் எதிர்மரைப் பூட்டு வளையம் ஒன்று உண்டு, அது விடாது. முன் பிரேக்கைக் கழற்றவும் சம்மதிக்கவில்லை. அவருக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும்.

முன்னால் 42 பல், பின்னால் 18. ஒரு சுற்று மிதித்தால் ஐந்து மீற்றருக்குச் சற்றுக் குறைவாக ஓடும். பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு 500 மீற்றருக்கு மேல் இறக்கம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகம் பிடித்தால் நிமிடத்துக்கு 136 சுற்று மிதிக்கவேண்டும். அந்த வேதனை தையல் மெஷின் ஊசிக்குத்தான் தெரியும். வழியில் தெமோதரையில் ரயிலே நேராக இறங்கத் துணியாமல், மலையை வட்டமடித்து, விட்டுவந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து போகிறது. நான் ரயிலைவிடத் தைரியசாலி.

அப்படி மிதித்துவந்து, எங்கள் தோட்டத்து லயத்து வாசலில் மூச்சு வாங்க நின்றபோது பெரியம்மா வந்தார். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய், தேயிலைக் கொழுந்து பறித்தே முதுகு வளைந்தவர். மலையில் ஏறுவது தோட்டத்துக்காக, இறங்குவது நமக்காக என்பது அவர் கணக்கு. சம்பளக் கணக்கில் முழுநாள் வேலைக்கு ஒரு பேர், கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்.

“ஏத்தத்துலயும் மிதிக்கிற, எறக்கத்துலயும் மிதிக்கிற. எறக்கத்துக்கு யாருடா பேரு போடுறா?”

“யாரும் போடல பெரியம்மா. வெளிநாட்டுல இந்த மாதிரி சைக்கிளக் காசு குடுத்து ஆசையா வாங்குறாங்க.”

பெரியம்மா யோசித்தார்.

“காசு குடுத்து கஷ்டப்படுறாங்களா? அப்ப நாளைக்குக் காலையில பெரட்டுக்கு வரச் சொல்லு. ஏழாம் நம்பர் மலையில கொழுந்து முத்திக் கெடக்கு.”